டெக்ஸ்டரின் புரோநோட்டு

அன்பு மகளுக்கு,

கடன் கோப்புகளைத் தணிக்கை செய்யும் இடத்துக்கு வந்துவிட்டாய். ஆண்ட்ரூ டெக்ஸ்டரைத் தெரிந்துவைத்துக்கொள். அமெரிக்காவில் முதன்முதலில் திவாலான வங்கி அவர் கையில் இருந்ததுதான். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் குளோஸ்டர் என்ற சிற்றூரில் 1804-இல் தொடங்கிய பார்மர்ஸ் எக்ஸ்சேஞ்ச் வங்கி.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வங்கியும் தன் நோட்டைத் தானே அச்சடிக்கும். அதை அந்த வங்கிக்கே கொண்டுபோய் நீட்டினால்தான் பொன், வெள்ளி நாணயம் கிடைக்கும். வண்டிச் செலவும் அலைச்சலும் உண்டே. அதனால் வெளியூர் நோட்டு பாஸ்டனில் கழிவுக்குத்தான், அதாவது முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்குத்தான் போகும். டெக்ஸ்டர் அந்தக் கழிவில் வியாபாரம் பார்த்தவர். வங்கி எவ்வளவு தொலைவோ, நோட்டு திரும்பி வர அவ்வளவு நாளாகும், அதுவரை வட்டியில்லாக் கடன் என்று பிடித்துக்கொண்டார்.

1808-இல் குளோஸ்டர் வங்கியை வளைத்தார், அதுவும் அந்த வங்கிப் பணத்திலேயே. பாஸ்டனில் அவருடைய ஏழு மாடி எக்ஸ்சேஞ்ச் காபி ஹவுஸ் எழும்பிக்கொண்டிருந்தது. காசாளருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார்: வங்கி திறந்திருக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் நோட்டில் கையெழுத்துப் போடு, யாருக்கும் தெரியக்கூடாது.

அந்த நோட்டுகளுக்கு ஈடாக வங்கிக்கு அவர் தந்தது தன் புரோநோட்டு. வட்டி 2 சதவீதம். எப்போது கட்டுவாராம்? டெக்ஸ்டருக்குச் சரியென்று படும்போது! பெரிய பங்குதாரர் அவர், கட்டவேண்டிய நேரம் அவருக்குத்தான் தெரியும் என்று எழுத்திலேயே இருந்தது. கோப்பைப் பிரித்ததும் வட்டியை அப்புறம் பார். கேட்டு வசூலிக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்.

கையிருப்பை மீறி நோட்டு விட்டதுதான் குற்றம் என்று நினைத்துவிடாதே. எல்லா வங்கியும் அதைச் செய்தது. ஒழுங்கான வங்கியிடம் குறுகிய தவணை வணிக உண்டியல்கள், அதாவது குறித்த நாளில் பணம் தருவதாக வியாபாரிகள் ஒப்புக்கொண்ட சீட்டுகள், இருக்கும். நெருக்கடி வந்தால் புதுக் கடனை நிறுத்தி, பழையதை வசூலித்து நாணயம் சேர்த்துவிடும். குளோஸ்டரில் வசூலிக்க எதுவுமே இல்லை.

1809-இல் சட்டமன்றக் குழு போய் எண்ணிப் பார்த்தபோது இருந்த நாணயம் 86 டாலர் சொச்சம். வெளியே சுற்றிய நோட்டோ ஐந்து லட்சம் டாலருக்கும் மேல்.

டெக்ஸ்டர் இன்றைய கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியாவுக்கு ஓடிவிட்டார். காபி ஹவுஸ் 1818-இல் எரிந்துபோனது. பிற்பாடு அலபாமாவில் மான்ட்கோமரி நகரை உருவாக்கியவர்களில் ஒருவரானார் மனிதர். அங்கே ஒரு பெரிய சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா