தேன்தின்னி

கொஷித்சே, ஸ்லோவாக்கியா
அக்டோபர் 20

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா? தங்கச்சி இதை நிதானமாகப் படித்துக் காட்டட்டும், பாதியை முழுங்காமல்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. ஆறு மணிக்கே இருட்டு. போன ஞாயிறு கூட வேலை பார்க்கும் பையன்களோடு தாத்ரா மலைக்குப் போனேன். காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் கரடிப் படம் போட்டு ஒரு பலகை: "போஸொர், மெத்வேத்!" போஸொர் என்றால் இங்கே ஜாக்கிரதை. ரஷ்ய மொழியில் அதே சொல்லுக்கு அவமானம் என்று அர்த்தமாம். உக்ரைன்காரன் சிரித்துக்கொண்டே, "கரடிக்கு என்ன மானக்கேடு வந்ததோ?" என்றான்.

மெத்வேத்தான் கரடி. மெத் என்றால் தேன். தேன் தின்பது, மெத்வேத். செக், செர்பியா, ரஷ்யா எங்கும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி இதே பேர்தான். உக்ரைனில் முன்னதைப் பின்னதாகப் புரட்டி 'வெத்மித்' என்கிறார்கள். போலந்துக்காரன் சொல்வது என் வாயில் நுழையவே இல்லை, விட்டுவிட்டேன். கூட வந்த ஸ்லோவாக்கியப் பையன், 'வேத்' என்றால் அறிவது, தேன் இருக்கும் இடம் அறிந்தவன் என்று சாதித்தான். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. மெது என்ற பழஞ்சொல்லோடு 'எத்', அதாவது தின்பது, சேர்ந்தபோது உகரம் வகரமாகிவிட்டது. இது தங்கச்சிக்கு, புணர்ச்சி படிக்கிறாளே. அந்த மெதுவும் சமஸ்கிருத மதுவும் ஒரே வேர்.

உனக்குச் சொல்ல வந்தது வேறு. கரடிக்கு இவர்களுக்கும் முன்னே ஒரு அசல் பேர் இருந்திருக்கிறது. கிரேக்கத்தில் ஆர்க்தோஸ், லத்தீனில் உர்சுஸ், சமஸ்கிருதத்தில் ருக்ஷ, எல்லாம் அந்தப் பேரின் குடும்பம். இந்த மொழிக்காரர்களின் முன்னோரோ அதைத் தொலைத்துவிட்டார்கள். பேர் சொன்னால் வந்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்கிறார்கள் மொழி படித்தவர்கள். ராத்திரியில் நான் பாம்பு என்றால் வாயைப் பொத்தி, "கயிறுன்னு சொல்லுடா" என்பாயே, அதே கதை. எல்லா வீட்டிலும் தலைமுறை தலைமுறையாக உன்னை மாதிரி ஒரு அப்பத்தா கண்டிப்பாக இருந்திருந்தால், பாம்பு என்ற சொல்லே நமக்கு இல்லாமல் போயிருக்கும். கிணற்றடிக்குப் போனால், கயிறு எது, கயிறு எது என்று குழம்பியிருப்போம்.

வடதுருவத்து வெள்ளைக் கரடிக்கு இங்கே பனி மெத்வேத் என்று பேர். அது தேனைக் கண்டதா, தேன்கூட்டைக் கண்டதா!

மலையில் கரடி எதுவும் வரவில்லை, பயப்படாதே. தை மாதம் வருகிறேன். மெதொவினா என்று தேனைப் புளிக்கவைத்துச் செய்த மது இங்கே விற்கிறது, ஒரு பாட்டில் சித்தப்பாவுக்கு. அப்பா கேட்டால் தேன் என்று சொல்லிவிடு.

உன் பேரன்