நடைப்பயணச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டில் செயற்குழு நான்கு முறை கூடியது. மாதாந்திரக் காலை நடைகள், மழையால் கைவிட்ட இரண்டு மாதங்கள் நீங்கலாக, ஒழுங்காக நடந்தன. மார்கழியில் மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயத்துக் கண்மாய்க் கரையில் ஒரு நாள் நடந்தோம். எஞ்சிய அறிக்கையை பிப்ரவரி 8, 9 ஆகிய நாட்களில் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மாரியூரிலிருந்து வாலிநோக்கம் வரை மணல்மேடுகள் வழியே சென்ற இரவுத் தங்கல் பயணத்துக்கே ஒதுக்குகிறேன். அதில் நாம் செய்த பிழைகள் அடுத்த பயணத்துக்கு முன் பதிவாக வேண்டும் என்பது என் கருத்து.

பன்னிரண்டு பேர் மாரியூர் பூவேந்தியநாதர் கோயில் வாசலில் காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். ஆளுக்கொரு முதுகுப்பை, இருவருக்கொரு கூடாரம், சமைக்காமல் உண்ண அவலும் கருப்பட்டியும், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்பது ஏற்பாடு. தண்ணீர்க் கணக்கைப் போட்டவன் நான், அது தவறிவிட்டது. கால் புதையும் தளர்மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உழைப்பு செலவாகிறது. அலை நனைத்து இறுகிய ஈரமணலில் காலையில் எளிதாக நடந்த நாம், கடல்நீர் ஏறியதும் மேட்டுக்குள் புகுந்த பிறகு, முன்வைத்த காலில் பாதித் தூரம் பின்வழுக்கிக்கொண்டே சென்றோம். காற்று வீசும் பக்கத்துச் சரிவு நீண்டு தாழ்ந்திருப்பதால் ஏறலாம். மறுபக்கம் மணல் தானாகச் சரியும் அளவுக்குச் செங்குத்தாக நிற்பதால், சுமையோடு அங்கே ஏற முயன்றவர்கள் களைத்துப் போனார்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் எட்டுப் பேருடைய புட்டிகள் காலியாகிவிட்டன. உறுப்பினர் ஒருவருக்குத் தலைச்சுற்றலும் வாந்தியும் வந்து, உடைமர நிழலில் ஒரு மணி நேரம் படுக்க வைக்க வேண்டியதாயிற்று.

ஒப்பிலானுக்கு அப்பால் ஒரு மணல் பள்ளத்தில், ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் குடத்தில் மொண்டுகொண்டிருந்த அப்பத்தா ஒருவர் நமக்கும் இறைத்துக்கொள்ள இடம் தந்தார். நீர் விரைவாகச் சுரக்கட்டும் என்று நம் இளைஞர்கள் குழியை ஆழப்படுத்தத் தொடங்கியதும் அவர் கையமர்த்தி, "ஆழமாத் தோண்டாதீங்க தம்பி, உவரு ஏறிப் போகும். ஊறட்டும், பொறுங்க" என்றார். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணல்மேட்டில் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் ஒரு நல்ல தண்ணீர்ப் படலமாக நிற்கிறது. குழி ஆழமானாலும், இறைப்பு மிஞ்சினாலும் அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறி அந்த ஊற்றே கெட்டுவிடும். எட்டுப் புட்டிகளை நிரப்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவருடைய குடம் பாதியில் காத்திருந்தது. சுற்றிப் பார்க்க வந்த நாம் ஒரு வீட்டின் குடிநீருக்குப் போட்டியாக நின்றது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. இனி அப்படி நேரக்கூடாது.

இரவு, மேட்டுக்குப் பின்னால் மழைநீர் தேங்கிய ஊருணிக் கரையில், உரிமையாளரின் இசைவு பெற்ற பனந்தோப்பில் தங்கினோம். ஆடு மாடுகள் குடிக்கும் அந்த நீரில் நாம் கைகூட நனைக்கவில்லை. காற்று கடலிலிருந்துதான் வரும், மேடு அதைத் தடுத்துவிடும் என்று எண்ணி, கூடாரங்களின் வாயிலை நிலத்தை நோக்கி அமைத்திருந்தோம். தை மாதத்து வாடைக்காற்றோ நள்ளிரவில் ஊருணியைக் கடந்து நிலத்துப் பக்கமிருந்தே அடித்து, மூன்று கூடாரங்களை மணலால் நிரப்பியது. மணலில் முளைகள் நிற்கவில்லை. துணிப்பைகளில் மணலை நிரப்பிக் கயிறு கட்டி முழங்கை ஆழத்தில் புதைத்த பிறகே கூடாரங்கள் நிலைகொண்டன. தைப்பூசத்துக்கு மூன்று நாள் முந்திய நிலவு இருந்ததால் விளக்கே தேவைப்படவில்லை. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும் பருவம் அது; வெளிச்சம் அவற்றைக் கலைக்கும் என்பதால் கடற்கரையில் எவரும் கைவிளக்கு ஏற்றக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அனைவரும் காத்ததற்கு நன்றி கூறுகிறேன்.

மறுநாள் பாதையில் இராவணன் மீசை என்னும் கடற்கரைப் புல் அடர்ந்த மேடுகளைக் கண்டோம். ஊசி போன்ற அதன் இலைகள் காலுறையைத் துளைத்ததால் சிலர் கம்பால் அடித்து வழி உண்டாக்க முயன்றதை நான் தடுத்தேன். அந்தப் புல்லும் அடும்பங்கொடியும் வேர்விட்டுப் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருப்பதால்தான் மேடு மேடாக இருக்கிறது. கொடி அறுந்த இடத்தில் காற்று புகுந்து பள்ளம் பறிக்கும். 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்திருக்கிறது. வாலிநோக்கம் உப்பளங்களை அடைந்தபோது பாத்திகளுக்கு அப்பால் பூநாரைகள் நின்றன. அங்கிருந்து பேருந்தில் திரும்பினோம்.

இவற்றைக் கருதி, அடுத்த பயணத்தில் ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லவும், ஒப்பிலானில் முன்கூட்டியே கேன்கள் வைக்கவும், கிராம ஊற்றுகளில் நீர் எடுப்பதில்லை என்றும், ஆடு மேய்ப்பவர்களின் பழைய ஒற்றையடிப் பாதைகளில் மட்டுமே மேட்டைக் கடப்பது என்றும் செயற்குழு முடிவு செய்துள்ளது. கூடாரம் வாங்கிய செலவால் இவ்வாண்டு இருப்பு குறைந்துள்ளது. விவரத்தைப் பொருளாளர் அளிப்பார். மேற்கண்ட முடிவுகளையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்