லிமாவில் பெண்கள் ஏற்றிய உலை

லிமா, பெரு
ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த ஊரில் பெண்கள் சங்கம் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். இங்கே சங்கம் என்றால் முதலில் அடுப்புதான். நகரத்தைச் சுற்றி மணல் மேடுகளில் எழும்பிய குடியிருப்புகளில் எங்கே பார்த்தாலும் 'கொமெதோர்' என்ற பொதுச் சமையல்கூடம் உண்டு. நம் சத்துணவுக்கூடம் மாதிரி அரசாங்கம் தொடங்கியதல்ல. 1970களின் இறுதியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் அரிசியும் காயும் கொண்டுவந்து ஒரே பானையில் போட ஆரம்பித்தார்கள். 1990 ஆகஸ்டில் அதிபர் ஃபுஜிமோரியின் அரசு விலைக் கட்டுப்பாட்டை ஒரே நாளில் எடுத்துவிட்டபோது ஏழைகளின் வயிற்றைக் காத்தது இந்த அடுப்புகள்தான்.

20, 25 பேர் உறுப்பினர். தலைவி, பொருளாளர், சரக்கறைப் பொறுப்பாளர் எல்லாரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நாளுக்கு 3 அல்லது 4 பேர் முறை வைத்துச் சமைப்பார்கள். காலையில் சரக்கறையைத் திறந்து, அரிசியை நிறுத்து, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் எதுவும் உலைக்குப் போகும். 100 சாப்பாட்டுக்குச் சுமார் 10 கிலோ அரிசி. முதலில் சூப், பிறகு சோறும் பயறும். நண்பகலில் பிள்ளைகள் டப்பாவும் தூக்குவாளியுமாக வரிசையில் நிற்பார்கள். சமைத்தவளுக்குக் கூலி இல்லை. வீட்டுக்குச் சில சாப்பாடு எடுத்துப் போகலாம், அவ்வளவுதான். காசநோயாளிகள், ஆதரவற்ற முதியவர்கள் யார் யாருக்கு இலவசம் என்பதைக் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பார்கள்.

சிக்கல் வருவது பெரும்பாலும் காசில்தான். நகராட்சி வழியாக அரிசி, பயறு, எண்ணெய், டின் மீன் வரும். காய்கறிக்கும் 10 கிலோ கேஸ் சிலிண்டருக்கும் சாப்பாடு விற்ற காசுதான். சரக்கு ஒரு மாதம் தாமதித்தால் விலையை ஏற்றவேண்டும். ஏற்றினால் மிகவும் இல்லாதவர்கள் முதலில் நின்றுபோவார்கள். ஏற்றாவிட்டால் சூப்பில் தண்ணீர் கூடும். குழாய் எட்டாத மேட்டில் அந்தத் தண்ணீரையும் லாரியில் வாங்கி டிரம்மில் பிடிக்கவேண்டும்.

இதோடு பால் திட்டமும் உண்டு. 1984 டிசம்பரில் லிமாவின் பெண்கள் ஆயிரக்கணக்கில் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். அடுத்த மாதமே சட்டம் வந்தது: 6 வயது வரையுள்ள குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் தினம் ஒரு குவளை பால் அல்லது அதற்கு ஈடான உணவு. கேட்டு வாங்கிய சட்டம் இது, அக்கா, யாரும் தானமாகக் கொடுத்ததல்ல.

மரியா எலெனா மொயானோ பெயரை நீ தெரிந்துகொள்ளவேண்டும். லிமாவை ஒட்டிய வில்லா எல் சால்வடாரில் பெண்கள் கூட்டமைப்பின் தலைவியாக இருந்தவர், பிறகு அந்த ஊரின் துணை மேயர். 'செந்தேரோ லுமினோசோ' என்ற ஆயுதக் குழு இந்தச் சமையல்கூடங்களையும் பால் திட்டத்தை நடத்தும் பெண்கள் குழுக்களையும் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தது. அவர் வெளிப்படையாக எதிர்த்தார். 1992 பிப்ரவரி 14 அன்று அந்தக் குழு கடையடைப்பு அறிவித்தபோது வெள்ளைக்கொடியோடு ஊர்வலம் போனார். மறுநாள் பால் குழு நிதி திரட்ட வைத்த கோழி விருந்தில், பெற்ற பிள்ளைகள் கண்முன்னே அவரைச் சுட்டு, உடலை வெடிவைத்துச் சிதைத்தார்கள். வயது 33. ஒரு குவளைப் பாலும் ஒரு பானைச் சோறும் யார் கையில் இருக்கிறது என்பதில் எவ்வளவு அதிகாரம் அடங்கியிருந்தது என்று அதிலேயே தெரிகிறது.

2020 ஊரடங்கில் பல கொமெதோர்கள் மூடிக்கிடந்தபோது, இளம் பெண்கள் மேட்டுத் தெருக்களில் கல் அடுப்பு மூட்டி, விறகில் சமைத்தார்கள். அதற்கு 'ஓயா கொமுன்', பொதுப் பானை என்று பெயர். 2022இல் அவற்றுக்கும் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் சமைப்பவளுக்குக் கூலி மட்டும் இன்னும் இல்லை. நம் சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் போராடுகிறார்களே, இங்கே பானை கிளறுகிறவளுக்கு அவர்கள் வாங்கும் ஊதியம்கூடக் கிடையாது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தம்பி