ஐட்டம் மோட்டுக்கு அரை நாள் கொடுங்கள்

லண்டனிலிருந்து கெண்ட் பக்கம் குடும்பங்களைச் சுற்றுலா அழைத்துப்போகும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஹீவர் கோட்டை, நோல் மாளிகை, அகழி சூழ்ந்த பழைய மாளிகையான ஐட்டம் மோட் மூன்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். முதல் இரண்டும் பெரியவை, அங்கேயே நேரம் போய்விடும். ஐட்டம் மோட்டுக்கு முக்கால் மணி நேரம் மிஞ்சினால் பாலத்தில் நின்று படம் எடுக்கலாம், அவ்வளவுதான். குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும்.

மாளிகை பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. ஓடைத் தண்ணீர்தான் அகழியை நிரப்புகிறது, அதனால்தான் இவ்வளவு தாழ்வான இடம். வாகன நிறுத்தத்திலிருந்து இறங்கும் சரிவு செங்குத்தானது. போகும்போது தெரியாது, திரும்பி ஏறும்போது முழங்கால் வலி உள்ளவர்கள் தவித்துப்போவார்கள். அவர்களைக் கீழேயே இறக்கிவிட முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். மேல் மாடிக்குப் படிக்கட்டு உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள்.

நுழைவாயில் கோபுரம் மேற்குப் பார்த்தது. காலையில் சூரியன் அதன் பின்னால் நிற்பதால் படத்தில் முகப்பு கறுத்து விழும். எனவே முதலில் உள்ளே போங்கள். மதியச் சாப்பாடு முடிந்து வெயில் மேற்கே சாய்ந்ததும் அகழியைச் சுற்றி நடங்கள். கீழே கெண்டின் சொரசொரப்பான சுண்ணாம்புக் கல், மேலே ஓக் மரச்சட்டம், இரண்டும் அப்போதுதான் தண்ணீரில் தெளிவாகத் தெரியும்.

உள்ளே எல்லோரும் 14ஆம் நூற்றாண்டின் பெரிய கூடத்தில் நின்றுவிட்டு, சிற்றாலயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கேதான் நிற்க வேண்டும். அதன் மேலே இருப்பது 1521இல் மாளிகையை வாங்கிய ரிச்சர்ட் கிளமென்ட் காலத்து வளைந்த மர விதானம். வண்ணம் மங்கியிருக்கிறது. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் பழுப்புப் பலகைதான் தெரியும். சுவரோரம் இரண்டு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள்: டியூடர் அரச வம்சத்துச் சின்னமான ரோஜா வரும், அம்புக்கட்டு வரும், பிறகு மாதுளை. மாதுளை இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரினின் சின்னம். 1533இல் அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவித்தார்கள். மாதுளையை யாரும் அழிக்கவில்லை. படம் எடுப்பவர்கள் ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும்.

வழிகாட்டிகள் ஒன்றை விடாமல் சொல்லுங்கள். 1953இல் இதை வாங்கிக் காப்பாற்றியவர் சார்லஸ் ஹென்றி ராபின்சன் என்ற அமெரிக்கர். 1985இல் அவர் இறந்தபின் இது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை வசம் வந்தது. 1989இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பு 2004 வரை நீண்டது. இன்று நேராக நிற்கும் சுவர்களுக்குப் பின்னால் அந்தப் பதினைந்து ஆண்டு உழைப்பு இருக்கிறது.

குழந்தைகளுக்கு முற்றத்து நாய்க்கூண்டு போதும். டைடோ என்ற செயின்ட் பெர்னார்ட் நாய்க்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. மாளிகையைப் போலவே முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

ஓட்டுநரிடம் ஊர்ப் பெயரை ‘ஐட்டம்’ என்றே சொல்லுங்கள். ஆங்கில எழுத்தைக் கூட்டி ‘இக்தம்’ என்றால் அங்கே வழி கேட்டாலும் புரியாது.

இப்படிக்கு,
கெண்டின் பழைய மாளிகைகளைச் சுற்றிக்காட்டும் சிலர்