கோடைத் தவணை மடல்: லாக்ஸ்டன் பயணமும் நம் பள்ளி வாசலும்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் கோடைத் தவணை முடிய இன்னும் இரண்டே சனிக்கிழமைகள். வழமைபோல இந்தத் தவணையில் நடந்தவற்றைச் சுருக்கமாக எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் இப்படிச் சொல்லித்தான் தொடங்குகிறேன் என்பதும், எங்கே போய் முடியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பொறுத்தருள்க.

ஆண்டுத் தேர்வு எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் பாராட்டு. பேச்சுப் போட்டியிலும் திருக்குறள் மனனப் போட்டியிலும் பலர் பரிசு பெற்றார்கள். விளையாட்டுப் போட்டி தூறலுக்கு நடுவிலும் இனிதே நடந்தது. பாலர் வகுப்புப் பிள்ளைகள் மெய்யெழுத்துக்கு வந்துவிட்டார்கள். சம்பளம் வாங்காமல் சனிக்கிழமைகளைத் தந்த ஆசிரியர்கள் அனைவருக்கும் நன்றி.

இனி லாக்ஸ்டன்.

ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு இந்த ஆண்டு 'ஒரு கிராமத்தின் கதை' என்ற ஒப்படை. ஓர் ஆங்கிலேயக் கிராமத்தின் வரலாற்றையும் புவியியலையும் தமிழில் எழுத வேண்டும். அதற்காகத்தான் நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் லாக்ஸ்டனுக்கு பஸ் பிடித்துப் போனோம். "மூன்று மணி நேரம் போய் வயலையா பார்ப்பது? நாங்கள் பார்க்காத வயலா?" என்று சில அப்பாக்கள் கேட்டார்கள். அவர்களுக்காகவும், வர முடியாமல் போனவர்களுக்காகவும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பின்னால் நான் சொல்லப்போகிற விஷயத்துக்கும் இது வேண்டும்.

1086இல் எழுதப்பட்ட நாட்டு நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டிலேயே லாக்ஸ்டனின் பெயர் இருக்கிறது. ஊருக்கு வடக்கே நார்மன் காலத்துக் கோட்டை இருந்த இடம், இன்று புல் மூடிய மண்மேடு. அதில் ஏறி இறங்கியே சிலர் தங்கள் வரலாற்றுப் பாடத்தை முடித்துக்கொண்டார்கள். ஆனால் லாக்ஸ்டனின் பெருமை கோட்டையில் இல்லை. ஊரைச் சுற்றி மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள். அவற்றில் வேலி கிடையாது. ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்று வயல்களிலும் நீள நீளமான கீற்று நிலங்கள், அடுத்தவன் கீற்றுக்கு அருகருகே கலந்து கிடக்கின்றன. இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க இப்படித்தான் பயிர் செய்தார்கள். அந்த முறை அறுபடாமல் இன்றும் நடக்கிற இடம் என்று லாக்ஸ்டனைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள்.

ஏன் இப்படிக் கலந்து கிடக்க வேண்டும்? ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இதற்கு அழகாக எழுதியிருந்தாள். ஒரு வயலில் குளிர்காலத்துக்கு முன் கோதுமை விதைப்பார்கள். இன்னொன்றில் வசந்தத்தில் பார்லியோ பட்டாணியோ அவரையோ. மூன்றாவது வயல் அந்த ஆண்டு தரிசாகக் கிடந்து இளைப்பாறும். அடுத்த ஆண்டு முறை மாறும். ஒருவனுடைய நிலம் முழுவதும் ஒரே வயலில் இருந்தால், அது தரிசாகும் ஆண்டில் அவன் என்ன சாப்பிடுவான்? அதனால் எல்லோருக்கும் எல்லா வயலிலும் பங்கு. நல்ல மண்ணும் சொத்தை மண்ணும் எல்லோருக்கும் வரும். "சண்டை வராமல் பிரித்திருக்கிறார்கள்" என்று முடித்திருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

கீற்றுகள் நீளமாக இருப்பதற்குக் காரணம் மாடு. அங்கே மண் கனத்த களி. பாரமான கலப்பையில் பல மாடுகளைப் பூட்டி இழுக்க வேண்டும். அத்தனை மாடுகளையும் ஒவ்வொரு முறையும் திருப்புவது பெரும்பாடு என்பதால், திருப்பாமல் நெடுந்தூரம் உழுதுகொண்டே போவார்கள். ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்பதிலிருந்துதான் ஏக்கர் என்ற அளவே பிறந்தது. அந்தக் களியைப் பிள்ளைகள் கணக்கில் மட்டும் படிக்கவில்லை. முதல் நாள் பெய்த மழையில் ஒவ்வொரு சப்பாத்தும் ஒரு கிலோ கூடித்தான் பஸ்ஸுக்குத் திரும்பியது. சாரதி ஒரு வார்த்தையும் பேசாமல் கதவருகே பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு நின்ற நிற்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருக்கும் நன்றி.

ஊர் அமைப்பையும் பிள்ளைகள் கவனித்தார்கள். பண்ணை வீடுகள் வயல் நடுவே தனித்தனியாக இல்லை, ஊர்த் தெருவின் இரு பக்கமும் வரிசையாக நிற்கின்றன. நிலம் நாலா திசையிலும் சிதறிக் கிடக்கும்போது எவன் எந்தக் கீற்றுக்குப் பக்கத்தில் வீடு கட்டுவான்? எல்லோரும் ஒரே தெருவில் இருந்துவிட்டார்கள். 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊரை அளந்து பெரிய வரைபடம் வரைந்தார். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கீற்றுகள், உழுகிற ஆட்கள், மேய்கிற மாடுகள் எல்லாம் அதில் உண்டு. மூலப்படம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. நம் வகுப்புச் சுவரில் ஒட்டியிருப்பது அதைப் பார்த்துப் பிள்ளைகள் வரைந்தது. மாடுகள் கொஞ்சம் நாய் மாதிரி இருக்கின்றன.

மற்ற ஊர்களின் திறந்த வயல்கள் என்ன ஆயின? சட்டம் போட்டு வேலி அடைத்தார்கள். 1604க்கும் 1914க்கும் இடையில் பாராளுமன்றம் இதற்கென்றே 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றியது. 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பொது நிலத்தில் ஒரு பசுவை மேய்த்துப் பிழைத்த ஏழைகளுக்கு மேய்க்க இடமில்லாமல் போயிற்று. லாக்ஸ்டன் தப்பியதற்கு அங்கே நிலம் வைத்திருந்த இரு பிரபு குடும்பங்கள் ஒத்துப்போகாததும் ஒரு காரணம். பெரியவர்களின் பிணக்கால் ஓர் ஊர் பிழைத்தது என்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. 1952இல் அரசாங்கமே அந்த நிலத்தை வாங்கிக் காப்பாற்றியது. 2020இல் அது, முன்பு அதை வைத்திருந்த தோர்ஸ்பி எஸ்டேட்டின் கைக்குத் திரும்பியது.

இனித்தான் நான் சொல்ல வந்த இடம். வேலியே இல்லாத வயலில் அடுத்தவன் நிலத்தை அரித்துத் தின்னாமல் எப்படி இருக்கிறார்கள்?

நம்மில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி இரத்தத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இரவோடிரவாக வேலிக் கதியாலை அரை அடி தள்ளி நட்டு, அதற்கு இருபது வருடம் வழக்காடிய குடும்பங்களை எனக்குத் தெரியும். என் சொந்தத்திலேயே உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெற்றோர் இதை வரப்பு வெட்டுவது என்பார்கள். நாங்கள் வரம்பு என்போம். சொல்தான் வேறு, மண்வெட்டி ஒன்றுதான்.

லாக்ஸ்டனில் அதற்கு ஒரு நீதிமன்றம் வைத்திருக்கிறார்கள். கோர்ட் லீட் என்று பெயர். ஊர் விவசாயிகளே ஜூரிகள், பன்னிரண்டு பேர். நவம்பர் கடைசியில், கோதுமை விதைத்த வயலுக்கு எல்லோருமாகப் போய்க் கீற்றுக் கீற்றாகப் பார்ப்பார்கள். எல்லை தெரியாத இடத்தில் மரமுளை அடிப்பார்கள். உழ முடியாத ஈரப்பள்ளங்களும் சரிவுகளும் புல்வெளியாக விடப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு சைக் என்று பெயர். புல் அறுக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். அந்தப் புல்லிலோ பாதையிலோ ஒருவர் ஒரு சால் தள்ளி உழுதிருந்தால் குறித்துக்கொள்வார்கள். பார்வையிட்டு முடிந்ததும் எல்லோரும் டவ்கோட் இன் என்ற ஊர் மதுக்கடைக்குச் சாப்பிடப் போவார்கள். ஒரு வாரம் கழித்து அங்கேயே நீதிமன்றம் கூடும். 1977இல் நாடு முழுவதும் இப்படிப்பட்ட பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் எடுத்தபோது லாக்ஸ்டனை மட்டும் விட்டுவைத்தார்கள். அபராதம் சிறிய தொகைதான். ஆனால் குற்றம் சொல்பவன் பக்கத்துக் கீற்றுக்காரன், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தெருவில் நாளும் முகம் பார்க்கிறவர்கள். அதைவிட என்ன அபராதம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு மாலை ஏழரைக்கு நம் பஸ் திரும்பியது. பள்ளித் தெருவுக்குள் திரும்ப முடியவில்லை. இரண்டு பக்கமும் கார்கள், எல்லாம் நம்முடையவை. பள்ளி வாசலில் நிறுத்தக் கூடாத இடத்தைக் காட்டும் மஞ்சள் வளைகோட்டின் மேல் நான்கு. எதிர்வரிசை வீடுகளின் வாசல் இறக்கத்தை அடைத்துக்கொண்டு மூன்று. அவற்றில் ஒரு வெள்ளிநிறக் காரில் இரண்டு பக்க விளக்கும் மின்னிக்கொண்டிருந்தது. விளக்கு மின்னினால் அது நிறுத்தவில்லை, சும்மா நிற்கிறது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

பஸ்ஸின் பின் இருக்கையிலிருந்து ஒரு பையன் சொன்னான்: "டீச்சர், லாக்ஸ்டன் எண்டா இதுக்கு ஃபைன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் எங்களுக்கு முன்னால் ஒரு டாக்சி நிற்பதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், நம் எதிர் வீட்டுக்காரர், தெருமுனையிலேயே இறங்கினார். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நம் கார்களுக்கு நடுவே, வீடு வரை நடந்தே போனார். எண்பது வயதுக்குக் குறையாது. என்னைக் கடக்கும்போது "குட் ஈவினிங்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு இத்தனை நாள் உறுத்தியிருக்காது.

திங்கட்கிழமை, நமக்குச் சனிக்கிழமைகளில் இடம் தரும் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது. இந்த ஆண்டில் மூன்றாவது. அயலவர் முறைப்பாடு தொடர்ந்தால் செப்டம்பர் முதல் இடம் தருவதை மறுபரிசீலனை செய்ய நேரும் என்று மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். இந்த ஊரில் அந்த மரியாதைக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பிள்ளைக்குத் தமிழ், இன்னொன்றுக்கு நீச்சல், மூன்றாவதற்கு மிருதங்கம். சனிக்கிழமை முழுக்க ஸ்டியரிங்கில்தான். இரவு வேலை முடித்துத் தூங்காமல் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள கார் நிறுத்தம் ஐந்து நிமிட நடை, மழையில் அது பத்து நிமிடம் மாதிரி இருக்கும். எல்லாம் சரி. "ரெண்டே நிமிசம்தான் டீச்சர்" என்று ஒருவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாற்பது பேருடைய இரண்டு நிமிடத்தைக் கூட்டினால், அந்தத் தெருக்காரர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. வரம்பை வெட்டினவனும் ஒரு வெட்டுத்தானே வெட்டினேன் என்றுதான் சொல்வான்.

ஆகவே இதைத் தெளிவாக எழுதுகிறேன். மஞ்சள் வளைகோட்டில் ஒரு நிமிடம்கூட நிறுத்தக் கூடாது. பிறர் வீட்டு வாசலை மறிக்கக் கூடாது, காருக்குள் ஆள் இருந்தாலும் சரி. மீறுகிற காரின் இலக்கம் குறிக்கப்படும். பிள்ளையை நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அப்பாவையோ அம்மாவையோ அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கேட்பேன். நிர்வாகக் குழு உறுப்பினரானாலும், பரிசளிப்பு விழாவுக்கு நன்கொடை தந்தவரானாலும் இதில் வேறுபாடு இல்லை. வெள்ளிநிறக் கார் யாருடையது என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை பேர் எழுதவில்லை.

செப்டம்பரிலிருந்து வாசலில் நிற்க ஆட்கள் வேண்டும். இது என் யோசனை இல்லை, ஏழாம் வகுப்பினுடையது. லாக்ஸ்டன் மாதிரியே பன்னிரண்டு பெற்றோர், தவணைக்கு ஒரு முறை மாறலாம். காலையில் இருபது நிமிடம், மதியம் இருபது நிமிடம். மஞ்சள் மேலங்கி நாங்கள் தருவோம். தேநீரும் உண்டு, மதுக்கடைச் சாப்பாடு இல்லை. இதுவரை ஐந்து பேர் பெயர் தந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அன்றைக்கு வளைகோட்டில் நிறுத்தியிருந்தவர்கள், தாங்களாகவே வந்து சொன்னார்கள். அவர்களுக்கு என் தனி நன்றி. மற்ற ஏழு பெயர்களை வரும் சனிக்கிழமைக்குள் அலுவலகத்தில் எழுதிவிடுங்கள்.

எதிர் வீட்டு அம்மாவுக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு அட்டை செய்து கொடுத்தார்கள். முன்பக்கத்தில் லாக்ஸ்டன் வயல். அவர் சிறுமியாக இருந்தபோது பண்ணையில் வளர்ந்தவராம், பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி அரை மணி நேரம் கதை சொன்னார். அன்றைக்கு மட்டும் அவர் வாசலை நாம் அடைத்துக்கொண்டு நின்றதை அவர் பொருட்படுத்தவில்லை.

பயணத்துக்குச் சோற்றுப் பொதியும் ரோல்ஸும் கட்டித் தந்த அம்மாக்களுக்கும், முப்பது பிள்ளைகளை எண்ணி எண்ணியே களைத்துப்போன உதவியாளர்களுக்கும், தெருமுனையில் காத்திருந்தும் முகம் சுளிக்காத பல பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசி வகுப்பன்று ஒப்படைகளை மண்டபத்தில் பார்வைக்கு வைக்கிறோம். நடந்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: பஸ்ஸில் ஒற்றைச் சப்பாத்து ஒன்று கிடந்தது. நீல நிறம், இடது கால், அளவு மூன்று. களிமண்ணைக் கழுவாமல் அப்படியே அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். இரண்டு வாரமாக ஒரு பிள்ளை மற்றச் சப்பாத்தை மட்டும் எப்படிப் போட்டுக்கொண்டு திரிகிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை.