ஐப்பசியில் தொடங்கும் அணி மாற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடர் முடிந்ததும் விளையாட்டுப் பக்கம் அதைக் கைவிட்டுவிடுகிறது. இங்கே ஐப்பசி அடைமழை கொட்டும்போதுதான் அங்கே அணிகளைக் கலைத்து அடுக்குகிறார்கள்.

ஒவ்வொரு அணியின் முதன்மை வீரர் பட்டியலிலும் 40 பேருக்குத்தான் இடம். 60 நாள் காயப் பட்டியலில் (காயத்தால் குறைந்தது 60 நாள் ஆட முடியாதவர்கள்) இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் தொடர் முடிந்த 5 நாளில் அவர்களையும் சேர்த்தாக வேண்டும். காயம் அதிகமான அணிகள் இடம் போதாமல் நல்ல இளைஞர்களைப் பறிகொடுப்பது இதனால்தான்!

செய்தியில் 'டி.எஃப்.ஏ.' (வீரரை 40 பேர் பட்டியலிலிருந்து எடுத்து, அடுத்த முடிவுக்குக் காத்திருக்க வைப்பது) என்று வந்தால் 'நீக்கம்' என்று போடாதீர்கள். அவரை 7 நாளுக்குள் வேறு அணிக்கு மாற்றலாம், விடுவிக்கலாம். யாரும் கேட்காவிட்டால் மைனர் லீக்குக்கும் (கீழ்நிலைப் போட்டிகள்) அனுப்பலாம். 40 பேர் பட்டியலில் இல்லாத பிற அணி வீரர்களை எடுத்துக்கொள்ளும் டிசம்பர் 'ரூல் 5' தேர்வையும் தயவுசெய்து வெளியிடுங்கள்.

பேஸ்பால் ரசிகர்கள்,
கும்பகோணம்.