உருமாறிய வைரஸும் ‘வீரியம்’ என்ற சொல்லும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா வைரஸின் புதிய திரிபு தலைகாட்டும்போதெல்லாம் ‘வீரியம் மிக்கது’ என்ற ஒற்றைச் சொல்லோடு செய்தி முடிந்துவிடுகிறது. வேகமாகத் தொற்றுவது, நோயெதிர்ப்பாற்றலிடமிருந்து தப்புவது, நோயைக் கடுமையாக்குவது ஆகிய மூன்றும் வெவ்வேறு பண்புகள் என்பது அதில் மறைந்துபோகிறது.

இந்த வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம் 1,273 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் 501ஆம் இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக டைரோசின் வந்தமர்ந்தபோது, மனித செல்லின் மேலுள்ள, வைரஸுக்கு நுழைவாயிலான ஏசிஇ2 ஏற்பியை அது முன்னிலும் இறுக்கமாகப் பற்றியது. ஆல்பா திரிபு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். 484ஆம் இடத்து மாற்றமோ வேறு வகை. பீட்டா, காமா திரிபுகளில் அங்கே எதிர்மின்னூட்டம் கொண்ட குளூட்டாமிக் அமிலம் போய், நேர்மின்னூட்டம் கொண்ட லைசின் வந்தது. பழைய வடிவத்துக்கென உருவான எதிர்ப்பொருள்கள் பலவற்றின் பிடி அதனால் நழுவியது. 2021 நவம்பரில் அறியப்பட்ட ஒமைக்ரானிலோ, ஸ்பைக் புரதத்தில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள். தடுப்பூசி போட்டவர்களையும் அது தொற்றியதில் வியப்பில்லை.

அதைத் ‘தடுப்பூசியின் தோல்வி’ என்று எழுதியதுதான் பிழை. நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்கள் வைரஸ் புரதங்களின் பல துண்டுகளைத் தனித்தனியே அடையாளம் காண்பவை ஆதலால், சில இடங்கள் மாறினாலும் அவற்றின் நினைவாற்றல் பெரும்பாலும் வீணாவதில்லை. தொற்றியபின் நோய் முற்றாமல் பலர் தப்பியதில் அவற்றுக்கும் பங்குண்டு.

அடுத்த திரிபு குறித்த செய்தியிலாவது, இம்மூன்று பண்புகளில் எது கூடியிருக்கிறது, எது இன்னும் ஆய்வில் இருக்கிறது என்பதைப் பிரித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்